யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல்லினத் தெரிவும் பெண்களும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்துப் பழகியோர் ஒரு தொடரை நன்கு அறிவர். காணியின் அளவைக் குறிப்பிடுமிடத்து, இத்தனை பரப்பு 'வரகு விதைப்பு' என்றோ 'நெல் விதைப்பு' என்றோ அவ்வுறுதிகள் கூறும். நிலத்தைக் கோலால் அளவாது விதையால் அளந்த ஒரு காலத்தின் எச்சம் இது. குறித்த அளவு வரகு எவ்வளவு நிலத்துக்குப் போதுமோ அது ஓர் அளவு. நெல்லுக்கு அது வேறோர் அளவு. வரகுக் கணக்கில் 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். வரகு விளையாத காணிகளும், ஏன், வீடுகள் நிறைந்த வளவுகளுங்கூட, வரகின் பெயராலேயே கைமாறி வந்துள்ளன. இவ்வுறுதிகளுட் பெருந்தொகையானவை சீதன உறுதிகள். அதாவது பெண்ணின் பெயருக்கு எழுதப்பட்டவை. நிலம் பெண்ணின் பெயரில் இருந்தது. நிலத்தின் அளவு விதையின் பெயரில் இருந்தது. ஆயின், அந்நிலத்தில் எந்த விதையை இடுவது என்பதைத் தீர்மானித்தவர் யார் என்ற வினா எமது பொருளாதார வரலாற்றில் உரிய இடத்தைப் பெறவில்லை. அவ்வினாவைக் குடாநாட்டின் நெற்செய்கையை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடாநாட்டின் கமத்தொழில் இரு வேறு உலகங்களைக் கொண்டது என்பது முதலில் மனங்கொளத்தக்கது. ஆறுகள் இல்லாத, சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த நிலம் இது. வலிகாமத்துச் செம்மண்ணிற் கிணற்று நீரை இறைத்துச் செய்யப்படும் தோட்டம் ஒன்று. தென்மராட்சி, வடமராட்சி, வலிகாமம், தீவகம் ஆகிய பகுதிகளின் தாழ்நிலங்களில் வடகீழ்ப் பருவமழையை நம்பிச் செய்யப்படும் வயல் மற்றொன்று. தோட்டத்து விளைபொருள்களான புகையிலை, வெங்காயம், மிளகாய் என்பன சந்தைக்குரியவை. வயலின் நெல்லோ பெரும்பாலும் வீட்டுக்குரியது. ஆண்டில் ஒரு போகம் மட்டுமே. புரட்டாதி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் வெட்டுவர். தைப்பூசத்தன்று புதிர் எடுத்துப் பொங்கி உண்பது வழக்கம். தோட்டத்தை விலை ஆண்டது. வயலை உணவு ஆண்டது. நெல்லினத் தெரிவில் ஆணும் பெண்ணும் வேறுபட்டமையை விளங்கிக்கொள்வதற்கு இந்த அடிப்படை இன்றியமையாதது.

அவ்வேறுபாட்டைக் கூறும்போது, ஆண் விளைச்சலை நாடுகின்றான், பெண் சுவையை நாடுகின்றாள் என்று சொல்லிவிடுவது எளிது. பலர் அவ்வாறே சொல்லிவிடுகின்றனர். இது பெண்ணின் இயல்பு பற்றிய பழைய கதையன்றி வேறன்று. சுவை என்பது நாவின் விவகாரம் மட்டுமன்று. சமையற்பண்பு என்று நாம் கூறுவதன் பின்னே மணிக்கணக்கான உழைப்பு உள்ளது. ஒரு நெல்லினத்தை ஒருவர் எவ்வாறு மதிப்பிடுகிறார் என்பது, அந்நெல்லை அவர் எவ்விடத்தில், எந்த வேலையின்போது எதிர்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆண் நெல்லை விதைப்பிலும் சூட்டுக்களத்திலும் சந்தையிலும் கண்டான். பெண் அதைக் களைபிடுங்கும்போதும், கதிர் அறுக்கும்போதும், பின்னர் உரலிலும் சுளகிலும் பானையிலும் கண்டாள். கண்ட இடம் வேறாதலின் கணிப்பும் வேறாயிற்று.

உரலடியிலிருந்து தொடங்குவோம். நெல்லாலைகள் ஊர்தோறும் பரவுவதற்கு முன்னர், கொம்பறையிலிருந்து நெல்லைக் கொத்துக் கணக்கில் எடுத்து, அவித்துக் காயவைத்து, குற்றிப் புடைத்து அரிசியாக்கும் வேலை முழுவதும் பெண்களுடையது. உமி எளிதில் நீங்கும் நெல், குற்றும்போது உடைந்து குருணையாகாத நெல், அவித்தால் வெடித்துச் சிதறாத நெல் என்பன அவ்வேலையின் வழியே உருவான அளவுகோல்கள். இவற்றை விளைச்சற் கணக்கு எதுவும் காட்டாது. பத்துப் புசல் நெல்லில் எத்தனை புசல் முழு அரிசி கிடைக்கும் என்பது வயலின் கணக்கில் வராத, உலக்கை பிடித்தவளுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. அதேபோல், உணவின் தேவைகளும் ஒன்றல்ல. பொங்கலுக்குச் சிவப்புப் பச்சையரிசி வேண்டும். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஊறவைத்து இடித்து அரித்தெடுக்கும் மா வேண்டும். காலையில் வேலைக்குப் போகின்றவருக்கு முதல்நாட் சோற்றிற் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழஞ்சோறு புளித்துக் கரைந்துபோகாமல் இருக்க வேண்டும். நோயாளிக்கும் பிள்ளைபெற்றவளுக்கும் கஞ்சி வேண்டும். ஒரு நெல்லினம் இவையனைத்துக்கும் ஈடுகொடுக்குமாயின் அதுவே வீட்டுக்கு உகந்த நெல். குடாநாட்டிற் மொட்டைக்கறுப்பன் பெற்ற பெருமதிப்பு இவ்வகையிலேயே விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். பிட்டுக்கும் கஞ்சிக்கும் பொங்கலுக்கும் அதற்கு நிகரில்லை என்ற கூற்று, பல தலைமுறைப் பெண்களின் சோதனை முடிவேயாகும். பச்சைப்பெருமாளும் இவ்வாறே வீட்டின் நெல்லாக நிலைபெற்றது.

அரிசிக்கு அப்பாலும் பெண்ணின் கணக்கு நீண்டது. தவிடு கோழிக்கும் மாட்டுக்கும் உணவு. உமி அடுப்புக்கு உதவும். வைக்கோல் பசுவின் ஆண்டு முழுவதற்குமான தீனி. வீட்டுப் பசுவைப் பார்ப்பவளும் பால் கறந்து விற்றுக் கைச்செலவுக்குப் பணம் காண்பவளும் பெண்ணே. எனவே நெடிய தாளுடைய நெல் அவளுக்கு இருமடங்கு பயிர். பிற்காலத்திற் குட்டை இனங்கள் வந்தபோது அவற்றின் சிறப்பாகச் சொல்லப்பட்டது, தாளிற் போகும் சத்து மணிக்குப் போகின்றது என்பதே. மணியை விற்பவருக்கு அது இலாபம். வைக்கோலை நம்பியவளுக்கு அது நட்டம். ஒரே செடியின் ஒரே பண்பு ஒரே வீட்டின் இருவருக்கு எதிரெதிரான பொருளைத் தருவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆணின் அளவுகோல்களும் தம்மளவில் நியாயமானவையே. மழை பிந்தினால் எந்த இனத்தை விதைப்பது, எந்த வயல் வெள்ளத்தில் நிற்கும், எது உவர்நிலம், உழவு மாடு எப்போது கிடைக்கும், வாரத்துக்குச் செய்பவனாயின் நிலவுடைமையாளருக்கு எத்தனை பங்கு போகும், வாங்கிய விதைநெல்லுக்கு வட்டி எவ்வளவு என்பன அவன் தலையில் இருந்த சுமைகள். களத்திலே நெல் பங்கிடப்பட்டது, கடன் தீர்க்கப்பட்டது. மட்டக்களப்புப் போன்ற பகுதிகளிற் சூட்டுக்களத்துக்கெனத் தனிச்சொற்கள் வழங்கியதும், பெண்கள் களத்தினுள் நுழைவது விலக்கப்பட்டிருந்ததும் அறியப்பட்டவை. தீட்டு என்ற சமயக் காரணம் அதற்குச் சொல்லப்பட்டது. ஆயினும், நெல் பங்காக மாறும் இடம் களம் என்பதையும், பங்கு பேசப்படும் இடத்திலிருந்தே பெண் விலக்கப்பட்டாள் என்பதையும் சேர்த்து நோக்குமிடத்து, அவ்விலக்கின் பொருளாதார உள்ளடக்கம் புலனாகும்.

இவ்விடத்தே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. 'யாழ்ப்பாணப் பெண்' என்று ஒருத்தி இருந்ததில்லை. நிலவுடைமை வெள்ளாளக் குடும்பத்துப் பெண் வயலுக்கு இறங்காதிருப்பதே குடும்பத்தின் மதிப்பாகக் கருதப்பட்டது. அவளுடைய நெல்லைக் களைபிடுங்கியும் அறுத்தும் பல வேளைகளிற் குற்றியும் கொடுத்தவர்கள் கோவியர், நளவர், பள்ளர் ஆகிய சமூகங்களின் பெண்கள். இலங்கையில் அடிமைமுறை 1844இற் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும் இவ்வுழைப்பு உறவு நெடுங்காலம் மாறவில்லை. இப்பெண்களின் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. ஆணின் கூலியிலும் குறைவாகவே அளக்கப்பட்டது. ஆகவே, எந்த இனம் விதைக்கப்படுகிறது என்பது அவர்களுக்குக் கூலியின் தரம் பற்றிய வினாவாகும். விதையைத் தெரிவுசெய்யும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. தெரிவின் பயனை உண்ணும் கட்டாயம் இருந்தது. உடையவள் அடுக்களையிலிருந்து கணவனிடம் ஒரு சொல்லாவது சொல்லலாம். வயலில் நின்றவளுக்கு அதற்கும் இடமில்லை. பால் வேறுபாட்டைச் சாதியையும் வர்க்கத்தையும் விலக்கிவைத்து ஆராய்வோர், உடையவளின் விருப்பத்தையே பெண்களின் விருப்பமெனக் கொள்ளும் பிழையிற் சிக்குவர்.

இனி, பதிவுகள் எவ்வாறு உருவாயின என்பதை நோக்குவோம். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்சு 1707இல் தேசவழமையைத் தொகுத்தளித்தார். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொத்துப் பிரிவுகளை விரிவாகக் கூறும் அத்தொகுப்பில் உழவு, தானியக் கடன், தானியப் பண்டமாற்று என்பன பற்றிய விதிகளும் உள்ளன. தாயின் சீதனம் மகளுக்குச் செல்லும் மரபு அதன் மையமான கூறுகளுள் ஒன்று. தொகுப்பு தமிழிற் பெயர்க்கப்பட்டு, சரியென உறுதிசெய்வதற்காக 12 முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. பெண்வழிச் செல்லும் சொத்துப் பற்றிய ஊர்வழக்கத்தைச் சரிபார்த்த பன்னிருவரும் ஆண்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்பதன்று எமது கருத்து. அவர்கள் அறிந்த ஊர், களத்தோடும் கச்சேரியோடும் முடிந்துவிட்ட ஊர்.

இலக்கியத்தின் சாட்சியும் இதற்கு மாறுபட்டதன்று. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளு முதலாக ஈழத்திலும் பள்ளுப் பிரபந்தங்கள் எழுந்தன. நெல்வகை, மாட்டுவகை, ஏர்வகை என்பவற்றை நிரல்படக் கூறுவது அப்பிரபந்த மரபு. நெல்லினங்களின் பெயர்களைத் தேடும் ஆய்வாளருக்கு இவை அரிய களஞ்சியம். ஆனால் அம்மரபில், வித்துவகைகளைப் பண்ணைக்காரனுக்கு எடுத்துரைப்பவன் பெரும்பாலும் பள்ளன். மூத்தபள்ளியும் இளையபள்ளியும் நாற்று நடுகின்றனர். சக்களத்திச் சண்டை இடுகின்றனர். விதையின் பெயரைச் சொல்லும் தகுதி அவர்களுக்குத் தரப்படவில்லை. புலவர் சமூகத்தைக் கண்டவாறு பாடினார் எனலாம். நாம் அதைச் சமூகம் முழுவதுமாகக் கொள்ளாதிருப்பதே முறை.

பெண்ணின் அறிவைப் பழமையோடும் ஆணின் அறிவைப் புதுமையோடும் இணைத்துப் பேசும் போக்கு அண்மைக்காலத்திற் பெருகியுள்ளது. அதற்கு எதிரான சான்று வரகிலேயே உள்ளது. உறுதிகளிற் பெயரை நிலைநிறுத்திய வரகு, வயலிலிருந்து மெல்ல மறைந்தது. புகையிலை அதற்கொரு காரணம். ஒல்லாந்தர் காலத்திலும் அதன் பின்னரும் திருவாங்கூர்ச் சந்தையை நம்பி வளர்ந்த புகையிலைச் செய்கை, நல்ல நிலத்தையும் எருவையும் நீரையும் தன்பக்கம் ஈர்த்துக்கொண்டது. மலிவான இறக்குமதி அரிசி மற்றொரு காரணம். ஆயினும் வரகின் மறைவுக்காகப் பெண்கள் பெரிதும் வருந்தியிருப்பார்கள் என்று நான் கருதவில்லை. பல அடுக்கு உமி கொண்ட தானியம் அது. அதை அரிசியாக்குவது நெல்லைக் குற்றுவதிலும் பன்மடங்கு கடினமானது. குரக்கனைத் திரிகையில் அரைப்பதும் எளிதான வேலையன்று. உழைப்பைக் கூட்டும் தானியத்தைப் பெண்கள் அது பழையது என்பதற்காகப் போற்றவில்லை. உழைப்பைக் குறைக்கும் ஆலையை அது புதியது என்பதற்காக வெறுக்கவுமில்லை. நெல்லாலை வந்தபோது உலக்கையைச் சுவரிற் சாத்தியவர்கள் அவர்களே. ஆனால் கூலிக்கு நெற்குற்றிப் பிழைத்த ஏழைப் பெண் அவ்வாலையால் வருவாயை இழந்தாள் என்பதும் உடன் கூறப்பட வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் விதைத் தெரிவு வீட்டை விட்டு வெளியேறியது. 1912இல் இலங்கையில் விவசாயத் திணைக்களம் நிறுவப்பட்டது. உள்ளூர் நெல்லினங்களைத் திரட்டி, அவற்றுள் ஒரே தன்மையுடைய தூயவழிகளைத் தெரிந்தெடுக்கும் வேலை அடுத்த பதிற்றாண்டுகளில் நடைபெற்றது. பச்சைப்பெருமாள் 2462/11, முருங்கைக்காயன் 302 என்பன அவ்வாறு பெறப்பட்டவை. ஊர்ப்பெயரோடு ஓர் இலக்கமும் சேர்ந்தபோது நெல்லின் அதிகாரமும் இடம்மாறியது எனலாம். 1952இற் பத்தலகொடவில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. முருங்கைக்காயன் 302ஐயும் இந்தோனேசியாவின் மாஸ் என்ற இனத்தையும் கலந்து உருவாக்கப்பட்ட எச்-4, 1950களின் இறுதியிற் கமக்காரரைச் சென்றடைந்தது. இது நாடெங்கும் பெற்ற வெற்றியை விளைச்சலாலும் உரத்தை ஏற்கும் தன்மையாலும் மட்டும் விளக்குவது நிறைவானதன்று. எச்-4 சிவப்பரிசி தருவது; நெடிய தாளுடையது. வயலின் கணக்கையும் அடுக்களையின் கணக்கையும் மாட்டுக்கொட்டிலின் கணக்கையும் அது ஒருங்கே ஓரளவு நிறைவுசெய்தது. இதற்கு மாறாக, 1960களின் நடுப்பகுதியிற் பிலிப்பைன்சிலிருந்து வந்த ஐ.ஆர். 8 ஆசியாவெங்கும் புகழ்பெற்ற போதிலும் இலங்கையில் வேரூன்றவில்லை. நோய் தாங்காமை ஒரு காரணம். சோற்றின் தரம் மற்றொரு காரணம்.

1970இல் பீ.ஜீ. 11-11, 1971இல் பீ.ஜீ. 34-8 என வெள்ளையரிசி தரும் குட்டை இனங்கள் வெளிவந்தன. இவற்றுடன் நெற்செய்கையின் தன்மையே மாறியது. நெடிய பழைய இனங்கள் களையைத் தம் நிழலால் ஒருவாறு அடக்கின. குட்டை இனங்களுக்குக் களையெடுப்பு கட்டாயமாயிற்று. முதலில் அது பெண்களின் வேலையைக் கூட்டியது. பின்னர் களைகொல்லி வந்து அவ்வேலையையே, அதனுடன் கூலியையும், இல்லாமற் செய்தது. உரத்தின் அளவும் களைகொல்லியின் கலவையும் பற்றிய கூட்டங்கள் கூட்டுறவுச் சங்கத்திலும் வாசிகசாலையிலும் நடந்தன. விவசாயப் போதனாசிரியர் பேசியது ஆண்களோடு. 'கமக்காரன்' என்ற சொல்லின் விகுதியே அங்கு யார் வருவார் என்பதைச் சொல்லிவிடுகின்றது. காணியின் உரிமை மனைவியிடம் இருந்த வீடுகளிலும் கணவனே கமக்காரனாக எழுந்து நின்றான்.

அரசின் விலைக்கொள்கையும் இதே திசையில் இயங்கியது. 1948இல் நெல்லுக்கு உத்தரவாத விலைத் திட்டம் தொடங்கப்பட்டது. கமக்காரனைத் தரகனின் பிடியிலிருந்து ஓரளவு காத்த முற்போக்கான திட்டம் அது என்பதில் ஐயமில்லை. ஆயின் விலை புசல் கணக்கில் அமைந்தது. மொட்டைக்கறுப்பனின் புசலுக்கும் விளைச்சல் மிகுந்த பிறிதோர் இனத்தின் புசலுக்கும் ஒரே விலை எனில், சமையற்பண்புக்கு விலையில்லை என்றே பொருள். பெண்ணின் அளவுகோல்கள் இவ்வாறு கணக்கேட்டிலிருந்து நீங்கின. இதற்குத் துணையாக வந்தது கோதுமை மா. பங்கீட்டு அரிசியோடு மலிவான கோதுமை மாவும் வீடுகளை அடைந்தபின், அவித்த கோதுமை மாவாற் பிட்டும் இடியப்பமும் செய்வது யாழ்ப்பாணத்திற் பொதுவழக்காயிற்று. 1980இல் திருகோணமலையிற் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியதும் அது மேலும் உறுதிப்பட்டது. பிட்டுக்கு உகந்த நெல் எது என்ற வினா வலுவிழந்தமைக்கு நெல் ஆராய்ச்சியாளரை விடக் கோதுமைக் கப்பல்களே பெரிதும் பொறுப்பு.

வயலில் இது நிகழ்ந்த காலத்திலேயே தோட்டத்தில் வேறொரு மாற்றம் உச்சத்தை அடைந்தது. 1970இல் அமைந்த சிறீமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கியபோது, வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் யாழ்ப்பாணத் தோட்டக்காரனுக்குப் பொன்விளையும் பயிர்களாயின. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் எம்.ஐ. 1, எம்.ஐ. 2 என்ற மிளகாய் இனங்கள் பரவின. வேதாளம் என்ற உள்ளூர்ச் சின்னவெங்காயம் தன் இடத்தை இழக்கவில்லை. அதன் காரணம் கவனிக்கத்தக்கது. வெங்காயத்தின் விதை, வெங்காயமே. பிடிபிடியாகக் கட்டி வீட்டுக்கூரையின் கீழே தொங்கவிட்டு அடுத்த நடுகைவரை காத்தால் மட்டுமே செய்கை தொடரும். அழுகாமல், முளைவிடாமல் எது தங்கும் என்பதைக் கண்டறிந்து தெரிந்தெடுக்கும் வேலையில் வீட்டுப் பெண்களுக்கு முதன்மையான பங்கு இருந்தது. நெல்லிற் கைநழுவிப்போன தெரிவு, சேமிப்பு வீட்டுக்குள் நடந்த காரணத்தால், வெங்காயத்தில் எஞ்சிநின்றது. வளவுப் பயிர்களான கத்தரி, பயற்றை, பூசணி, பாகல் என்பவற்றின் விதைகளைச் சாம்பலிற் புரட்டி அடுப்புப் புகை படும் இடத்தில் வைத்துக் காத்தவர்களும் பெண்களே. 1977இன் திறந்த பொருளாதாரம் இத்தோட்டச் செழிப்பைக் குலைத்தது. வளவுப் பயிரை அது அவ்வளவாகத் தொடவில்லை, ஏனெனில் வளவு சந்தையின் கண்ணிற் படவேயில்லை.

சட்டத்தின் நிலையையும் இங்கு இணைத்து நோக்க வேண்டும். 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் மனைவியின் தனிச்சொத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அசையாச் சொத்தை அவள் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கையாள முடியாது என்றும் விதித்தது. உடைமை ஒருத்தியிடமும் ஆளுகை ஒருவனிடமும் பிரிந்துநிற்கும் இந்நிலையைத் தென்னாசியப் பெண்களின் நிலவுரிமை பற்றி 1994இல் வெளிவந்த பினா அகர்வாலின் பெருநூல் விரிவாக ஆராய்ந்துள்ளது. நிலவுரிமை பெண்ணுக்கு வலுவைத் தரும் என்பது அவருடைய மையக் கருத்து. யாழ்ப்பாணத்துச் சான்று அக்கருத்தை மறுக்கவில்லை. அதற்கொரு நிபந்தனையைச் சேர்க்கின்றது. உறுதியிற் பெயரிருந்தும் விதைப்பெட்டியின் முன் குரலில்லாதவள், தன் நிலத்திலேயே இரவற் கமக்காரியாகிறாள்.

பிறநாடுகளில் இப்பிரச்சினை சற்றுத் தாமதமாகவேனும் எழுப்பப்பட்டது. எஸ்தர் பொசரப் 1970இல் வெளியிட்ட நூல், அபிவிருத்தித் திட்டங்கள் கமத்தொழிற் பெண்களைக் காணத் தவறியதை முதன்முதலிற் பரவலாக உணர்த்தியது. 1980களின் இறுதியில் ருவாண்டாவில் நடைபெற்ற ஒரு முயற்சி இன்னும் நேரடியானது. அந்நாட்டில் அவரை பெண்களின் பயிர். ஆராய்ச்சி நிலையத்துக்கு ஊர்ப் பெண்களை அழைத்து, சோதனைப் பாத்திகளிலிருந்து இனங்களைத் தெரிவுசெய்யவிட்டனர். அவர்கள் தெரிந்தவை அவர்களுடைய வயல்களிற் விஞ்ஞானிகள் தெரிந்தவற்றிலும் சிறப்பாக விளைந்தன. சுவையைப் பார்த்து விளைச்சலை இழந்தார்கள் என்று எவரும் சொல்ல முடியவில்லை. கிழக்கிந்தியாவின் மானாவாரி நெற்பகுதிகளில் 1990களிற் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இந்திய நிறுவனங்களுடன் சேர்ந்து நடத்திய இனத்தெரிவு ஆய்வுகளிலும் பெண்களின் கருத்து தனியாகக் கேட்கப்பட்டது. மழையை நம்பிய ஒருபோக நெல் என்பதால் அப்பகுதிகள் எமது குடாநாட்டோடு ஒப்பிடத்தக்கவை.

அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணம் ஆய்வுக்கு உரிய நிலையில் இருக்கவில்லை. 1990 முதல் பொருளாதாரத் தடை எரிபொருளையும் உரத்தையும் தடுத்தது. உரமின்றி விளையாத இனங்களின் பலவீனம் அப்போது வெளிப்பட்டது. உலக்கையும் திரிகையும் பல வீடுகளில் மீண்டும் வேலைக்கு வந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய முழுவதுமாக இடம்பெயர்ந்தனர். மாதத்தைக் கவனிக்க வேண்டும்: ஐப்பசி. மழை தொடங்கி நெல் முளைத்திருந்த காலம். வயலில் நின்றது பயிர்; வீட்டில் விடப்பட்டது வெங்காயப் பிடியும் வளவு விதையும் எஞ்சிய நெல்லும். உறுதிகளைப் பெட்டியில் எடுத்துச் சென்றவர் பலர். விதையை எடுத்துச் செல்ல இயன்றவர் சிலரே. காணியை மீட்க உறுதி உதவும். ஒரு போகம் விதைக்காது விடப்பட்ட வீட்டு விதையை மீட்க எந்த ஆவணமும் உதவாது. போர் 2009இல் முடிந்து மீளக்குடியேறியபோது, கணவனை இழந்தோ காணாமற்போகக் கொடுத்தோ பெண்கள் தலைமைதாங்கும் குடும்பங்கள் வடக்கில் ஆயிரக்கணக்காக இருந்தன. வரலாற்றில் முதன்முறையாக, விதைப்பெட்டியின் முன் தனியாக நின்றவள் பெண். ஆனால் அப்போது அவளுக்குக் கிடைத்த விதை, நிவாரணமாக வழங்கப்பட்ட விதை. தெரிவு மீண்டும் வேறிடத்திலேயே நிகழ்ந்திருந்தது.

2021 ஏப்பிரலில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ய முடிவெடுத்தது. நவம்பரில் அதைக் கைவிட நேர்ந்தது. அவ்விடைப்பட்ட மாதங்களிற் பாரம்பரிய நெல்லினங்கள் பற்றிய பேச்சு எங்கும் எழுந்தது. நீரிழிவு நோய் பற்றிய அச்சத்தால் நகரங்களில் ஏற்கெனவே செந்நெல் அரிசிக்கு மதிப்புக் கூடியிருந்தது. உறையிலிட்ட மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் புலம்பெயர்ந்தோர் வாழும் நாடுகளின் கடைகளுக்கும் செல்கின்றன. விலை வந்ததும் கணக்கு மாறிவிட்டது. சோற்றின் தரத்தைப் பேசாத ஆண் கமக்காரர் இப்போது அதைப் பேசுகின்றனர். அடுக்களையில் உருவான அளவுகோல் சந்தையின் அளவுகோலாகும்போது அதற்குரிய இலாபம் யாரைச் சேர்கிறது என்பது தனியே ஆராயத்தக்கது. பொதியின் மேல் அச்சிடப்படும் மருத்துவக் குணங்களுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. பிள்ளைபெற்றவளுக்கு எந்த அரிசியிற் கஞ்சி வைப்பது என்று அறிந்திருந்தவர்களின் அறிவு அது. பேராதனையை அடுத்த கன்னொறுவையின் பயிர் மரபுவள நிலையத்திலே தேசத்தின் பழைய நெல்லினங்கள் குளிரறைகளிற் பேணப்படுகின்றன. விதை சேகரிப்போர் ஒவ்வோர் இனத்துக்கும் பெயர், ஊர், நாள், வயது, மணியின் நிறம் என்பவற்றைக் குறிப்பது வழக்கம். அந்நெல் எத்தனை உலக்கைக்கு அரிசியாகும், பழஞ்சோறு எத்தனை நாழிகை தாங்கும், வைக்கோலைப் பசு விரும்பித் தின்னுமா என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் இன்றும் இருக்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் எண்பது வயதைக் கடந்த பெண்கள்.